மொட்டைமாடியில் கட்டிய வரப்பு

மேசையின் மேல் ஒரு கான்கிரீட் துண்டு கிடக்கிறது. ஐந்து அங்குல நீளம், காபி டம்ளர் பருமன். நம் நியூ ஹாஸ்டலின் மேல்தளத்தில் போன வாரம் இயந்திரம் வைத்துக் குடைந்து எடுத்தது. மற்றத் துண்டுகளைப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு இதை மட்டும் வீட்டுக்கு எடுத்துவந்தேன். இதன் குறுக்கே ஒரு கம்பி ஓட வேண்டும். கம்பி இருந்த இடத்தில் பழுப்பாகப் பொருக்குத் தட்டியிருக்கிறது. நடுவில் ஈர்க்குச்சி அளவுக்கு மிச்சம். இன்று காலை கை தவறி அதன் மேல் தண்ணீர் கொட்டிவிட்டது. துரு வாசம் அறை முழுக்க ஏறியது. உன் தகரப் பெட்டியைத் திறந்தால் வருகிற அதே வாசம். வேதாரண்யத்து உப்புக் காற்று அரித்த பெட்டி அது. மூடியைத் தூக்கும்போதெல்லாம் உன் வேட்டியில் ஒரு பழுப்புக் கோடு விழும்.

நீ போய், வருகிற மார்கழியோடு ஒரு வருடம். நீ இருந்த காலத்தில் உனக்கு நான் கடிதம் எழுதியதாக நினைவில்லை. பொங்கலுக்கு ஒரு போன், அதுவும் "நல்லா இருக்கியா", "இருக்கேன்" என்பதோடு சரி. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் ஓர் அறிக்கை. ஹாஸ்டலை வைத்திருப்பதா, இடிப்பதா என்று சொல்ல நீ வார்டனாக இருந்த கல்லூரி என்னைத்தான் கூப்பிட்டது. ஆறு வருடத்துக்கு முன்னால் கட்டிடம் உறுதியாக இருக்கிறது என்று சான்று கொடுத்தவன் நான்தானே, கோப்பில் இருப்பது என் கையெழுத்துதானே. அந்தச் சான்று பொய் என்பது உனக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும் என்றிருந்தேன். அதை அறிக்கையில் எழுதினால் என் பெயர் கெடும், கூடவே உன் பெயரும் கெடும். எழுதாமல் விட்டால் கேட்க ஆளில்லை. முந்தாநாள் வரை என் குழப்பம் இதுதான். நேற்று உன் வீட்டுக்குப் போயிருந்தேன். அதைக் கடைசியில் சொல்கிறேன். முதலிலேயே சொல்லிவிட்டால் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தக் கட்டிடத்தை முதன்முதலாகப் பார்த்து நாற்பது வருடத்துக்கும் மேலாகிறது. பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. நூறு வருடம் தாண்டிய கல்லூரி, சிவப்புக் கட்டிடம், வளைவு வளைவாக வராந்தா, வெண்ணாற்றங்கரையில் வரிசையாக மருத மரங்கள். இதையெல்லாம் பார்த்து மயங்கித்தான் வலங்கைமான் பக்கத்திலிருந்து அப்பா என்னைத் தஞ்சாவூருக்குக் கொண்டுவந்து சேர்த்தார். விடுதி எங்கே என்று கேட்டால் பின்பக்கம் கையைக் காட்டினார்கள். அங்கே சாம்பல் நிறத்தில் மூன்று மாடி நின்றது. பூச்சு கிடையாது, வெள்ளை கிடையாது. கான்கிரீட் ஊற்றும்போது அடித்த பலகையின் வரியும் ஆணித் தடமும் அப்படியே தெரிந்தன. கீழே சுவரே இல்லாமல் தூண்கள், அவற்றின் மேல் பெட்டி பெட்டியாக அறைகள், ஒவ்வொரு ஜன்னலுக்கும் வெயிலை மறைக்க நெட்டுக்குத்தாக ஒரு கான்கிரீட் பலகை. உள்ளே கட்டிலும் கான்கிரீட், புத்தக அலமாரியும் கான்கிரீட். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்த யாரோ ஒருவர் சென்னையில் உட்கார்ந்து வரைந்தாராம்.

"வேலைய முடிக்காமலே போயிட்டாங்களா?" என்று அப்பா வாட்ச்மேனைக் கேட்டார்.

வாட்ச்மேன் இந்தக் கேள்விக்குப் பழகியவர். "இதாங்க முடிஞ்ச வேலை" என்றார்.

அறைக்குள் நீ முன்னமே வந்து உட்கார்ந்திருந்தாய். கறுத்து, ஒல்லியாக, சட்டையில் மேல் பட்டன் இல்லாமல். பெயரைச் சொல்வதற்கு முன்னால் எழுந்து சுவரை முஷ்டியால் இரண்டு குத்து குத்தினாய்.

"பறக்காது" என்றாய்.

"எது?"

"இதுதான். எந்தக் காத்துக்கும் பறக்காது."

இவனோடு எப்படி மூன்று வருடம் ஓட்டுவது என்று நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மின்விசிறி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்துகொண்டேன். உங்கள் வீட்டில் எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். நீ சின்னப் பையனாக இருந்தபோது அடித்த புயலில் உங்கள் தெருவே போனது. கூரை பறந்தது, மண்சுவர் கரைந்தது, விடிந்து பார்த்தால் உன் அம்மா ஒரு பனைமரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள், அவள் இடுப்பில் நீ. ராத்திரி அந்த இடுப்பில் உன்னோடு இன்னொரு பிள்ளையும் இருந்தது என்பதை இரண்டாம் வருடம்தான் சொன்னாய், அதுவும் ஒரே ஒரு தடவை.

அதனால் நாங்கள் எல்லோரும் திட்டிய கட்டிடத்தை நீ ஒருவன் மட்டும் கொண்டாடினாய். "தூணு மேல நிக்கிது பாரு. தண்ணி வந்தா கீழயே போயிரும். வரைஞ்சவன் கடலைப் பாத்தவன்டா" என்பாய்.

"வெயிலப் பாக்கலையே" என்பேன் நான்.

ஹாஸ்டலில் எவனுக்கும் சொந்தப் பெயர் கிடையாது, ஊர்ப் பெயர்தான். நீ வேதாரண்யம். நான் வலங்கைமானாகத்தான் இருந்திருக்க வேண்டும்; நீ ஆரம்பித்து வைத்த 'மிராசு' ஒட்டிக்கொண்டது. எங்கள் வீட்டில் மிராசு போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். மிஞ்சியது கொஞ்சம் நஞ்சையும், பட்டா பேரில் சித்தப்பாவோடு ஒரு வழக்கும். சொல்லிப் பார்த்தேன். "கொஞ்சமா இருந்தாலும் நெலம் அசையாம இருக்குல்ல. அப்ப நீ மிராசுதான்" என்று முடித்துவிட்டாய்.

இனி நான் செய்த காரியம். பங்குனி வந்தால் மேல் மாடி அறைகளில் மனிதன் இருக்க முடியாது. தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து இரவெல்லாம் கக்கும். படுத்தால் முதுகு வேகும். நம் அறை மேல் மாடி. பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. மொட்டைமாடித் தொட்டி தினமும் காலையில் நிரம்பி வழிந்து, அவ்வளவு தண்ணீரும் வீணாக ஓடியது. நெல் வயலைப் பார்த்து வளர்ந்தவனுக்கு ஓடுகிற தண்ணீரைக் கண்டால் கை சும்மா இருக்காது. மாடியில் மழைத் தண்ணீர் இறங்க எட்டுத் தூம்புகள் இருந்தன. எட்டையும் சாக்கு வைத்து அடைத்தேன். வெண்ணாற்றங்கரைக் களிமண்ணைச் சைக்கிளில் மூட்டை மூட்டையாக ஏற்றி வந்து வரப்பு போட்டோம். பூதலூர்க்காரன் மம்முட்டி பிடித்தான். மிதித்து, பூசி, தொட்டித் தண்ணீரைத் திருப்பிவிட்டேன். மதியத்துக்குள் தளம் முழுக்க நாலு விரற்கடைத் தண்ணீர் நின்றது. பத்துப் பேர் வேலை செய்தோம், பத்துப் பேரும் விவசாயி வீட்டுப் பிள்ளைகள். அடியில் இருப்பது வயல் இல்லை, நாம் படுக்கிற அறையின் கூரை என்று ஒருவனுக்கும் தோன்றவில்லை.

நீ மட்டும் படிக்கட்டிலேயே நின்றாய்.

"கான்கிரீட்டுக்குள்ள இரும்புதானடா இருக்கு?"

"அதுக்கென்ன இப்ப?"

"இரும்பு ஈரத்துல கெடந்தா என்னாகும்னு எங்க ஊரு நங்கூரத்தப் பாத்தா தெரியும்."

"இது பாறைடா. பாறைக்குள்ள தண்ணி எப்புடிப் போகும்?"

"போவும் மிராசு. தண்ணி எதுக்குள்ளயும் போவும். அவசரமே படாது."

பின்னாளில் பொறியாளனாகப் போகிறவன்தான் பாறை என்று சொன்னேன். அன்று அறை நிஜமாகவே குளிர்ந்தது. என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். களிமண்ணைத் தொடாத நீயும் நன்றாகத்தான் தூங்கினாய். குறட்டை விட்டதை மறுநாள் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோருக்கும் நடித்துக் காட்டினேன்.

இரண்டாம் வருடம் முடிந்ததும் எனக்கு இன்ஜினியரிங் சீட்டு கிடைத்தது. நான் போய்விட்டேன், வரப்பு அங்கேயே தங்கிவிட்டது. ஒவ்வொரு பங்குனியிலும் புதுப் பையன்களைக் களிமண் சுமக்க வைப்பது ஹாஸ்டலின் சடங்கானது. ஒரு வருடம் எவனோ நாற்றைக் கொண்டுவந்து நட்டானாம், அரை முழம் வளர்ந்ததாம். நீ அங்கேயே படித்து, அங்கேயே விரிவுரையாளராகி, கடைசியில் வார்டனாகவும் வந்த பிறகுதான் அது நின்றது. "ஒன் வெள்ளாமைய அழிச்சிட்டேன்டா மிராசு" என்று போனில் சொன்னாய். சிரித்தேன். அதற்குள் இருபது கோடை அந்தத் தளம் தண்ணீரில் கிடந்திருந்தது. அப்போது எனக்குப் படிப்பும் இருந்தது, வேலையும் இருந்தது, அதன் அர்த்தம் என்ன என்று தெரிகிற அறிவும் இருந்தது. ஆனாலும் சிரித்தேன்.

ஏழு வருடத்துக்கு முன்னால் அந்தப் பெரிய புயல் கடற்கரையைத் துடைத்துப் போட்டதே, அன்று உன் வாக்கு பலித்தது. பழைய கட்டிடத்தின் ஓடுகள் பறந்தன, மருத மரங்கள் சாய்ந்தன, நியூ ஹாஸ்டல் அசையவில்லை. அடுத்த சேர்க்கையில் உங்கள் பக்கத்துப் பிள்ளைகள் நிறைய வந்தார்கள். வீடு போய், வள்ளம் போய், படுக்க ஓர் இடமும் மூன்று வேளைச் சோறும் கிடைக்கிறது என்பதாலேயே படிக்க வந்தவர்கள். அந்த ஆடி மாதத்தில்தான் உத்தரவு வந்தது: உறுதிச் சான்று இல்லாத விடுதிகளைப் பூட்ட வேண்டும். நான் அப்போது திருச்சியில் அரசாங்கப் பொறியாளன்.

"மிராசு, ஒரு நாள் வந்துட்டுப் போடா" என்றாய்.

வந்தேன். வாசலிலேயே நின்றுவிட்டேன். கட்டிடத்துக்குப் பூச்சு பூசி, சந்தன நிறத்தில் பெயிண்ட் அடித்திருந்தது. வருகிற பையன் ஒவ்வொருவனையும் கூப்பிட்டுப் பலகை வரியைத் தொட்டுப் பார்க்கச் சொல்கிறவன் நீ. நீயே அதை மூடியிருந்தாய்.

"எப்ப பூசுன?"

"போன வாரம்."

"எதுக்கு?"

"ஒனக்குத் தெரியாதா?"

விரிசலும் துருக்கறையும் பூச்சுக்குள் போயிருந்தன. மாடி மாடியாக ஏறினோம். பையன்கள் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். மேல் மாடியில் கிழக்கு மூலை அறை, தொட்டிக்கு நேர் கீழே. சுத்தியலால் கூரையைத் தட்டினேன். கம்பி துருப்பிடித்துக் கான்கிரீட் விட்டுப்போனால் வருகிற பொள்ளல் சத்தம் கேட்டது. இன்னும் இரண்டு இடத்தில் தட்டினேன். அதே சத்தம். நீ கதவைச் சாத்தினாய்.

"இத ஒடச்சுப் பாக்கணும்டா" என்றேன்.

"ஒடச்சா கையெழுத்துப் போடுவியா?"

"மாட்டேன்."

"அப்ப ஒடைக்காத."

ஜன்னல் வழியாகக் கீழே நின்ற பையன்களைக் காட்டினாய். பிறகு சொன்னாய்: "பூட்டுனா இந்தப் புள்ளைவோ எங்க போவும்? இடிஞ்ச வீட்டக் கட்டுற வரைக்கும் போதும்டா. ரெண்டு வருஷம், மூணு வருஷம். இந்த ஒரு ரூமப் பூட்டி வச்சிக்கிறேன்."

நான் கையெழுத்துப் போட்டேன். 'கண்ணால் பார்த்த அளவில் பாதுகாப்பாக உள்ளது' என்று எழுதினேன். அந்த 'கண்ணால் பார்த்த அளவில்' எனக்காக நான் வைத்துக்கொண்ட சந்து. நாளைக்கு ஏதாவது ஆனால் அது வழியாக நுழைந்து தப்பித்துவிடலாம். உன்னிடம் அந்தச் சந்துகூட இல்லை. நீ கேண்டீனில் டீ வாங்கிக் கொடுத்தாய். இருவரும் நின்றபடியே குடித்தோம். பஸ் ஏற்றிவிட வந்தவன், பஸ் கிளம்பும்வரை நின்றாய், கையை ஆட்டவில்லை.

அதோடு நம் நட்பு கெட்டது. சண்டை போட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். எனக்கு உன் மேல் கோபம் இருந்தது; என்னை இதில் ஏன் மாட்டிவிட்டாய் என்று கோபம். தளத்தைக் கெடுத்தவனே நான்தான் என்பதும் தெரியும், அதனால் கோபப்படவும் முடியவில்லை. கும்பகோணத்துக்குக் கல்யாணம், காரியம் என்று போகும்போதெல்லாம் ரயில் பூதலூரைத் தாண்டியதும் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொள்வேன். தஞ்சாவூரில் ஒரு தடவைகூட இறங்கவில்லை. நீயும் வா என்று கூப்பிடவில்லை. கேட்டதும் போட்டுவிட்டானே, இவனெல்லாம் ஓர் இன்ஜினியரா என்று நீ என்னை மட்டமாக நினைத்துவிட்டாய் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

இரண்டு வருடம், மூன்று வருடம் என்றது ஆறு ஆனது. புது விடுதிக்கு உத்தரவு வரவில்லை, பழையதைப் பற்றி யாரும் மறுபடி கேட்கவில்லை. போன மார்கழியில் செய்தி வந்தது. நெஞ்சில் சளி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவன் மூன்று வாரத்தில் முடிந்துபோனாய். நான் வந்து சேர்ந்தபோது உன்னை வண்டியில் ஏற்றிவிட்டார்கள். ஹாஸ்டல் பையன்கள் வரிசையாக நின்றார்கள். ஒருவனும் அழுகையை மறைக்கவில்லை. நான் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பினேன்.

இந்த ஐப்பசி முதல் வாரம், பணி ஓய்வு பெற்ற என்னைத் தேடிக் கல்லூரியிலிருந்து ஆள் வந்தது. இப்போதைய முதல்வர் ஓர் அம்மா, மரியாதையானவர். குடையும் இயந்திரத்தோடு நானும் மேலே போனேன். கிழக்கு மூலை அறையின் பூட்டைத் திறக்கச் சாவி கிடைக்கவில்லை, உடைத்தோம். கூரையிலிருந்து பெரிய பாளமாகக் கான்கிரீட் பெயர்ந்து கட்டிலின் தலைமாட்டில் விழுந்து கிடந்தது. துரு படிந்த கம்பிகள் வெளியே தெரிந்தன. அலமாரியில் சுருட்டி வைத்த பாய், ஒரு டார்ச், ஒரு தண்ணீர்ச் செம்பு. வாட்ச்மேன் யாராவது வந்து படுப்பார்போல என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றே மாடியைக் காலி செய்யச் சொன்னேன். பையன்கள் பெட்டியும் வாளியுமாகத் தூண்களுக்கு நடுவே வந்து நின்றார்கள். எங்கே போவது என்று என்னைக் கேட்டார்கள். முதல்வர் பழைய கட்டிடத்தின் இரண்டு வகுப்பறைகளை ஒழித்துக் கொடுத்தார். பிறகு என்னைத் தனியாக அழைத்தார்.

"சார், பழைய சர்டிபிகேட்டப் பத்தி ரிப்போர்ட்ல ஒண்ணும் எழுத வேணாங்க. யாரும் கேக்கல. வார்டன் சார் பேரும் நல்லபடியா இருக்கட்டும்."

எனக்கு அந்த வார்த்தை இனித்தது. உன் பெயருக்காகத்தான் எழுதாமல் விடுகிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம் அல்லவா. மூன்று நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் எழுத உட்கார்ந்தால் முதல் பத்திக்கு மேல் நகரவில்லை. அதனால்தான் நேற்று உன் வீட்டுக்குப் போனேன்.

"வாங்கண்ணே. வழி தெரிஞ்சுதா?" என்றாள் உன் மனைவி. அவள் குத்திக் கேட்கவில்லை, ஆனாலும் குத்தியது. எல்லாவற்றையும் சொன்னேன். வரப்பு, பூச்சு, சுத்தியல், கையெழுத்து. அவள் முகம் மாறவில்லை. அவளுக்கு முன்னமே தெரிந்திருந்தது.

"எழுதிருங்கண்ணே" என்றாள்.

"அவன் பேரு கெட்டுப்போயிடும்மா."

"கெட்டா கெடட்டும். பேரப் பாத்தா அவங்க அதச் செஞ்சாங்க?" என்றாள். பிறகு என் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். "ஒங்களுக்குத் தெரியாதுன்னு நெனக்கிறேன். ஐப்பசி பொறந்தா அவங்க வீட்ல படுக்க மாட்டாங்கண்ணே. தலகாணியத் தூக்கிக்கிட்டு ஹாஸ்டலுக்குப் போயிருவாங்க. அந்தக் கெழக்கு மூல ரூமுக்கு. மழ விடுற வரைக்கும் அங்கதான். வருஷா வருஷம் நானும் சண்ட போட்டுப் பாத்தேன்."

"எதுக்கும்மா?"

"கேட்டேன். சத்தம் வந்தா மொதல்ல எனக்குக் கேக்கும், புள்ளைங்கள எறக்கிவிட்டுருவேன்னாங்க. நெசந்தான். ஆனா அப்புறம் ஒரு நாளு வேற சொன்னாங்க. 'மிராசு எனக்காவப் போட்ட கையெழுத்து அது. அதுக்குக் கீழ வேற யாரப் படுக்க வைக்கிறது?'ன்னாங்க."

அந்த அறையில் கூரை ஒழுகுமா, பாய் நனையுமா, நெஞ்சுச் சளி அங்கேதான் பிடித்ததா என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. அவள் சாப்பிட்டுப் போகச் சொன்னாள். சாப்பிட்டேன். குனிந்தபடி சாப்பிட்டதால் அழுதது அவளுக்குத் தெரிந்ததா என்று தெரியாது.

வந்த கையோடு அறிக்கையை எழுதி முடித்தேன். முன்பு கொடுத்த சான்று கான்கிரீட்டை உடைத்துப் பார்க்காமல், பொள்ளல் சத்தம் கேட்டும், என்னால் தெரிந்தே கொடுக்கப்பட்டது என்பது முதல் பத்தி. தளத்தில் தண்ணீர் கட்டும் வழக்கத்தைத் தொடங்கியவனும் நானே என்பது இரண்டாம் பத்தி. 'வார்டன் கேட்டுக்கொண்டபடி' என்று எழுதியதை அடித்துவிட்டேன். கேட்டது நீ, போட்ட கை என்னுடையது. கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: சான்று கொடுத்த நாளிலிருந்து ஒவ்வொரு மழைக்காலத்திலும், மிகவும் பழுதான அந்த அறையில் வார்டன் தாமே தங்கிக் கண்காணித்துவந்தார். கட்டிட அறிக்கையில் இதற்கென்ன வேலை என்று யாராவது அடிப்பார்கள். அடிக்கட்டும். இடிக்கத்தான் வேண்டும் என்று எழுதியிருக்கிறேன், தை மாதம் தொடங்குவார்கள்.

நீ என்னை மட்டமாக நினைக்கவில்லை என்று இப்போது தெரிந்துவிட்டது. அதில் ஆறுதல் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. ஆறு மழைக்காலம் அங்கே படுத்திருக்கிறாய். பொங்கலுக்குப் பேசிய எந்தப் போனிலும் அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் ஒரு பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் படுத்திருப்பேன் என்று நேற்று ராத்திரி முழுக்க எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். வந்திருக்க மாட்டேன். இடுப்பு வலி, பேத்திக்குக் காய்ச்சல், ஆபீஸில் ஆடிட் என்று எதையாவது சொல்லிவிட்டுத் திருச்சியிலேயே இருந்திருப்பேன். இரண்டு வருடம் என்னோடு ஒரே அறையில் இருந்தவன் நீ, என்னைப் பற்றி உனக்குத் தெரியாததா. கையெழுத்துக்கு என்னைக் கூப்பிட்டாய், அதன் கீழே படுக்கக் கூப்பிடவில்லை. மிச்ச நாளை நான் அதோடுதான் கழிக்க வேண்டும்.